கெதி: விரைவைச் சொல்லும் ஒரு சொல்லின் கதை

ஆங்கிலத்தில் ‘ஹை’ என்றொரு பழைய வினைச்சொல் உண்டு. விரைந்து போவது, அவசரமாக ஓரிடத்துக்குக் கிளம்புவது என்பது அதன் பொருள். இன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தும் எந்த ஆங்கிலத் தாயும் அதைச் சொல்வதில்லை. பழைய நாடகங்களிலும் கவிதைகளிலும் குறுக்கெழுத்துப் போட்டிகளிலும்தான் அது மிஞ்சியிருக்கிறது. அதே வேலையைச் செய்யும் ஒரு சொல் யாழ்ப்பாணத்தை அடுத்த நம்முடைய தீவுகளில் விடியற்காலையில் இருந்து இரவு படுக்கும் வரை ஒலிக்கிறது. அதுதான் ‘கெதி’. புங்குடுதீவின் மடத்துவெளியில் எந்த வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்கு நின்றாலும் அது காதில் விழும்.

அங்கே போய்விட்ட சொல்லையும் இங்கே வாழும் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சொற்கள் எப்படிப் பழசாகின்றன, எது அவற்றை உயிரோடு வைத்திருக்கிறது என்ற இரண்டும் விளங்கும்.

‘ஹை’ எப்படிப் போனது?

‘ஹை’ பழைய ஆங்கிலத்தில் இருந்தே வரும் சொல். முதலில் அதற்கு முயல்வது, முயன்று மூச்சு வாங்குவது என்ற பொருள் இருந்தது. பிறகு விரைவது என்ற பொருள் நிலைத்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் பல இடங்களில் வருகிறது. ‘ரோமியோவும் ஜூலியட்டும்’ நாடகத்தில் செவிலித்தாய் ஜூலியட்டைப் பாதிரியாரின் இருப்பிடத்துக்குத் துரத்திவிடும் இடத்தில் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறாள்.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘உன்னை’ என்று பொருள்படும் ‘தீ’ என்ற சொல்லைச் சேர்த்து ‘ஹை தீ’ என்று ஏவுவது வழக்கம். ‘நீ உன்னை விரைவுபடுத்திக்கொள்’ என்பது போன்ற அமைப்பு. இங்கேதான் ஆபத்து இருந்தது. ஆங்கிலம் ‘நீ’ என்ற ஒருமை முன்னிலையைக் கைவிட்டு எல்லாரையும் ‘நீங்கள்’ என்று அழைக்கத் தொடங்கியபோது, அந்த ‘நீ’யோடு ஒட்டிக்கொண்டிருந்த சொற்களும் சேர்ந்து பழைய வாடை அடிக்கத் தொடங்கின. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ‘ஹரி’ என்ற சொல் எழுத்தில் தலைகாட்டுகிறது. பிரெஞ்சு வழியாக வந்த ‘ஹேஸ்ட்’ ஏற்கெனவே இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ‘ஹை’க்கு இடமில்லாமல் போய்விட்டது.

அகராதிக்காரர்கள் இப்படிப்பட்ட சொற்களை இரண்டு தட்டில் வைக்கிறார்கள். அறவே கைவிடப்பட்டது வழக்கொழிந்த சொல். பேச்சில் இல்லாவிட்டாலும் கவிதையிலும் பழங்கதையிலும் தலைகாட்டுவது பழவழக்குச் சொல். ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி வழக்கொழிந்த சொல்லுக்கு முன்னால் சிறு குத்துவாள் போன்ற ஒரு குறியை இடுகிறது. அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ஓர் ஆண்டையே எல்லையாக வைத்திருக்கிறது. சாமுவேல் ஜோன்சனின் அகராதி வெளிவந்த 1755க்குப் பிறகு ஒரு சொல் வழங்கியதற்குச் சான்று இல்லையென்றால் அது வழக்கொழிந்தது. இந்தக் கணக்கில் ‘ஹை’ முழுக்க ஒழிந்த சொல் ஆகாது; பழவழக்குத் தட்டில் இருக்கிறது. பேச்சில் இல்லை என்பது மட்டும் உறுதி.

விரைவுச் சொற்கள் ஏன் தேய்கின்றன?

விரைவைச் சொல்லும் சொற்களுக்குப் பல மொழிகளில் ஒரு பொதுவான போக்கு இருக்கிறது. அவை எளிதில் தேய்கின்றன. காரணம் மனித இயல்புதான். ‘இப்பவே வாறன்’ என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் கழித்து வருகிறோம். கேட்பவரும் ‘இப்பவே’ என்றால் அரை மணி நேரம் என்று பழகிக்கொள்கிறார். சொல்லின் பொருள் மெல்ல நழுவிவிடுகிறது.

ஆங்கிலத்தில் இன்று ‘சீக்கிரத்தில்’ என்று பொருள்படும் ‘சூன்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘உடனே, அந்தக் கணமே’ என்பதுதான் பொருள். ‘அனொன்’ என்ற சொல்லுக்கும் ‘பிரசென்ட்லி’ என்ற சொல்லுக்கும் இதுவே நடந்தது. மூன்றும் ‘உடனே’யில் தொடங்கி ‘கொஞ்சம் பொறு’வில் வந்து நின்றன. ஒவ்வொரு முறையும் பழைய சொல் தளர்ந்ததும் உண்மையான அவசரத்தைச் சொல்லப் புதிய சொல் ஒன்று தேவைப்பட்டது.

அந்தப் புதிய சொல் வேறு பொருள் உள்ள இடத்தில் இருந்து இழுத்து வரப்படுவதும் உண்டு. ‘குவிக்’ என்றால் முன்பு ‘உயிருள்ளது’. பழைய ஆங்கிலக் கிறிஸ்தவ விசுவாசப் பிரமாணத்தில் உயிரோடிருப்பவர்களைக் குறிக்க அந்தச் சொல்தான் நின்றது. ‘பாஸ்ட்’ என்றால் ‘உறுதியானது’. ‘ஸ்பீட்’ என்றால் ‘வெற்றி, நற்பேறு’.

தமிழிலும் இதே கதைதான். ‘அவசரம்’ என்பது வடமொழியில் ‘தக்க சமயம், வாய்ப்பு’. இந்திக்காரர் இன்றும் அந்தப் பொருளில்தான் வழங்குகிறார். நமக்கு அது பதற்றமாகிவிட்டது. ‘ஆத்திரம்’ என்றால் இன்று கோபம். ஆனால் ‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்ற பழமொழி பிறந்தபோது ஆத்திரம் என்றால் அவசரம். பதறுகிறவனுக்கு அறிவு வேலை செய்யாது என்பதே பழமொழி சொல்வது. கோபக்காரனைப் பற்றியது என்று நினைத்துச் சொன்னாலும் பொருந்துகிறது என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

தமிழ் இழந்தவை

தொல்காப்பியத்தின் உரியியலைத் திறந்தால் ‘கதழ்வு’, ‘துனைவு’ என்ற இரண்டு சொற்களுக்கு விரைவு என்று பொருள் சொல்லப்பட்டிருக்கிறது. ‘கடி’ என்ற உரிச்சொல்லின் பல பொருள்களிலும் விரைவு ஒன்று. சங்கப் பாடல்களில் பாய்ந்தோடும் குதிரையைக் ‘கதழ்பரி’ என்றும் ‘துனைபரி’ என்றும் சொல்வார்கள். இன்று தமிழாசிரியர் தவிர வேறு யாரும் இந்த இரண்டையும் வாயில் வைப்பதில்லை.

திருக்குறளில் ‘ஒல்லை’ என்று ஒரு சொல் இருக்கிறது. கொடுங்கோல் மன்னன் விரைந்து கெடுவான் என்று சொல்லும் 563, 564ஆம் குறள்கள் இரண்டிலும் விரைவைச் சொல்வது அந்த ‘ஒல்லை’தான். தன் வசதியின் அளவு பாராமல் அள்ளிக் கொடுப்பவனின் செல்வம் கெதியாகக் கரையும் என்று சொல்லும் 480ஆம் குறளில் ‘வல்லை’ வருகிறது. ஒல்லை, வல்லை இரண்டும் இன்று உரைக்காரர் துணையில்லாமல் விளங்காதவை.

‘முடுகு’ வேறு வழி கண்டது. விரைந்து செல்வது என்ற பொருளில் அது பேச்சை விட்டுப் போனது. ஆனால் யாப்பில் வேகமாக ஓடும் சந்தத்துக்கு முடுகு என்ற பெயர் நின்றுவிட்டது. இன்னொரு இடத்திலும் அது நிற்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கெதி எங்கிருந்து வந்தது?

‘கதி’ வடமொழிச் சொல். செல்வது, செல்லும் முறை, போய்ச் சேரும் நிலை என்று அதன் பொருள் விரிகிறது. தமிழ்நாட்டில் கடைசிப் பொருள் பெருகியது. ‘அவன் கதி என்ன?’, ‘அதோகதி’, ‘நீயே கதி’ என்பனவெல்லாம் நிலையையும் புகலையும் சொல்பவை. யாழ்ப்பாணத்தில் முதற்பொருள், அதாவது செல்லுதல், பெருகியது. செல்லுதலில் இருந்து செல்லும் வேகம். வேகத்தில் இருந்து விரைவு. இசைக்காரரும் இந்தப் பக்கம்தான் நின்றார்கள். தாளத்தின் நடையை அவர்கள் கதி என்கிறார்கள்.

‘கதி’ ஏன் ‘கெதி’ ஆனது? இது நாக்குத் தவறியதால் வந்த பிழை என்று பலர் நினைக்கிறார்கள். இதில் ஒழுங்கான ஒரு முறை இருக்கிறது. வடமொழியில் அழுத்தி ஒலிக்கும் ககர, சகர, தகர, பகரத்தில் தொடங்கும் சொற்கள் தமிழ் வாய்க்குள் வரும்போது, அந்த முதலெழுத்தின் அகரம் எகரமாகிறது. கங்கை ‘கெங்கை’ ஆகிறாள். கருடன் ‘கெருடன்’, கர்ப்பம் ‘கெர்ப்பம்’. பலம் ‘பெலன்’, ஜனம் ‘செனம்’, தண்டம் ‘தெண்டம்’. இவற்றோடு சேர்ந்ததுதான் கெதி. தமிழ்நாட்டிலும் இந்த மாற்றம் உண்டு. யாழ்ப்பாணத்தில் அது பேச்சில் வலுவாக நிற்கிறது.

எப்படிப் புழங்குகிறது?

குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று கேட்பதுதான் இதற்கு நல்ல பாடம். யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வந்து, வேலணையைத் தாண்டி, வாணர் தாம்போதியில் கடலைக் கடந்தால் புங்குடுதீவின் மடத்துவெளிப் பக்கம். அங்கிருந்து தீவின் உள்ளே ஓடும் வீதி போய் முடியும் இடம் குறிகட்டுவான். எதிரே நயினாதீவு. நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல்வழி. படகு போய்விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். அதனால் பேருந்து நின்றதும் சனம் இறங்கி ஓடும்.

‘தம்பி, கெதியா ஓடியா, போட் வெளிக்கிடப் போகுது!’ பின்னால் வரும் பெரியவரிடம், ‘ஐயா, கெதியா வாங்கோ.’ மனைவியிடம், ‘கெதியா வாரும், என்ன சுணக்கம்?’ பலகையில் கால் வைக்கும் கிழவியிடம் மட்டும் குரல் தணியும்: ‘அம்மம்மா, ஆறுதலா ஏறுங்கோ. ஒரு அந்தரமும் இல்லை.’

இந்த நாலு வாக்கியத்துக்குள் தீவுத் தமிழின் விரைவு இலக்கணம் முழுவதும் இருக்கிறது. வா, வாரும், வாங்கோ என்ற மூன்று படியும் இருக்கின்றன. ஆங்கிலம் ‘தீ’யோடு ‘ஹை’யை இழந்தது போல நாம் இழக்கவில்லை. நீ, நீர், நீங்கள் மூன்றோடும் கெதி சேர்ந்து நடக்கிறது. நீர் என்ற நடுப்படி இளையவர் வாயில் அரிதாகி வருகிறது என்பதும் உண்மை.

கெதியின் வடிவங்கள் இவை. ‘கெதியா’ என்றால் விரைவாக. ‘கெதிகெதியா’ என்றால் இன்னும் விரைவாக, மூச்சு விடாமல். ‘கெதியெண்டு’ என்றால் சட்டென்று. ‘கெதிபண்ணு’ என்றால் அவசரப்படுத்து, அல்லது நீயே அவசரப்படு. ‘கெதியில’ என்பது மட்டும் தனி. ‘கெதியில அவளுக்குக் கலியாணம்’ என்றால் ஓடிப்போய்த் தாலி கட்டப் போகிறார்கள் என்று பொருளில்லை. வெகு நாள் செல்லாது, அண்மையில் என்று பொருள். ‘சூன்’ நடந்த வழியில் ‘கெதியில’ ஏற்கெனவே நடந்துவிட்டது. ‘கெதியா’ மட்டும் இன்னும் தளராமல் நிற்கிறது.

கெதியின் அயலவர்கள்

சொல் ஒன்று தனியே வாழ்வதில்லை. கெதியைச் சுற்றி ஒரு குடும்பமே இருக்கிறது.

‘வெள்ளென’ என்றால் நேரகாலத்தோடு. கிழக்கு வெளுக்கும் நேரம் என்பது அடி. இன்று மாலைக் கூட்டத்துக்கும் ‘வெள்ளென வாங்கோ’ என்று சொல்கிறோம். ‘வேளைக்கு’ என்பதும் இதே பொருளில் வரும். கெதி வேகத்தைச் சொல்கிறது. வெள்ளெனவும் வேளைக்கும் நேரத்தைச் சொல்கின்றன. ‘வெள்ளென வெளிக்கிட்டால் கெதியா ஓடத் தேவையில்லை’ என்று ஒரே வாக்கியத்தில் வைத்தால் வேறுபாடு தெளியும்.

‘சுணங்குதல்’ என்றால் தாமதிப்பது. ‘சுணங்காமல் வா’ என்பது ‘கெதியா வா’வின் மறுபக்கம். ‘மினக்கெடுதல்’ என்பது வினைகெடுதல் என்ற சொல்லில் இருந்து வந்தது. வேலை கெடுதல், அதாவது நேரம் போக்குதல். ‘வழியில மினக்கெடாத’ என்றால் நின்று கதைத்துக்கொண்டிராதே. தமிழ்நாட்டில் ‘மெனக்கெடு’ என்றால் சிரமம் எடுத்துக்கொள்வது. அதனால் இரு கரைக்காரரும் இந்தச் சொல்லில் ஒருவரை ஒருவர் தவறாக விளங்கிக்கொள்ள இடமுண்டு.

‘ஆறுதலா’ என்றால் நிதானமாக, பதறாமல். தமிழ்நாட்டில் ஆறுதல் துக்க வீட்டில் சொல்வது. இங்கே அது தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதைப்பதற்கும் உரியது. ‘அந்தரம்’ என்றால் நெருக்கடி, உடனடித் தேவை. ‘ஆபத்து அந்தரத்துக்கு உதவுவான்’ என்றால் ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய பெரிய நற்சான்று.

பாடப்புத்தகத்தில் இருக்கும் கெதி

கெதி என்பது படிக்காதவர் பேச்சு, எழுத்தில் வைத்தால் கூச்சம் என்று நினைப்பவர் நம்மிடையே உண்டு. அவர்கள் இலங்கைப் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஒரு பொருள் ஒரு செக்கனில் எத்தனை மீற்றர் செல்கிறது என்பதற்கு அந்தப் புத்தகம் தரும் சொல் ‘கதி’. திசையும் சேர்ந்த அளவுக்கு ‘வேகம்’. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் முதலாவதற்கு ‘வேகம்’, இரண்டாவதற்குத் ‘திசைவேகம்’. இலங்கையில் கலைச்சொல் ஆக்கியவர்கள் தெரிந்தெடுத்தது, பேச்சில் கெதியாக வாழும் அதே சொல். வேகம் கூடும் வீதம் ‘ஆர்முடுகல்’, குறையும் வீதம் ‘அமர்முடுகல்’. மேலே சொன்ன ‘முடுகு’ நிற்கும் இன்னொரு இடம் இதுதான். பேச்சில் போன ஒரு பழந்தமிழ்ச் சொல்லைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை இங்கே கணக்குப் போட எழுதுகிறது.

புகையிரத நிலையத்திலும் பார்க்கலாம். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓடும் விரைவு வண்டியை ‘கடுகதி’ என்கிறோம். நகரங்களை இணைப்பது ‘நகர்சேர் கடுகதி’. விரைவைச் சொல்லும் ‘கடு’வும் கதியும் அதில் கைகோத்து நிற்கின்றன. கல்லூரி, ரயில், அடுப்படி மூன்றிலும் ஒரே சொல் ஓடுகிறது. இதைக் கொச்சை என்று ஒதுக்க எந்தக் காரணமும் இல்லை.

அகராதியும் வாயும்

சொற்களைச் சேர்த்து வைப்பதில் யாழ்ப்பாணத்துக்குப் பழைய மரபு உண்டு. 1842இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதியை மானிப்பாய் அகராதி என்றும் சொல்வார்கள். உடுவிலில் நெடுங்காலம் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி மிரன் வின்ஸ்லோ 1862இல் சென்னையில் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதியில் 67 ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகம் 1924க்கும் 1936க்கும் இடையில் ஆறு தொகுதிகளாகப் பேரகராதியைக் கொண்டுவந்தபோது இந்த முன்னோடிகளின் உழைப்பு அதற்குக் கைகொடுத்தது.

தீவுகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஊர்காவற்றுறைக் கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள், போர்த்துக்கேயப் பாதிரியார் அந்தாம் தெ புரோயென்சா தொகுத்து 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியின் பிரதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்தார். 1966இல் அதை அப்படியே மறுபதிப்பாகக் கோலாலம்பூரில் வெளியிட்டார். மூன்று நூற்றாண்டுக்கு முந்திய பேச்சுத் தமிழைத் தேடுபவர்களுக்கு அது இன்று பெரிய துணை.

ஆனால் அகராதி ஒரு சொல்லைப் பதிந்து வைக்கலாம். வாழ வைக்க முடியாது. ஒல்லையும் வல்லையும் எல்லா அகராதியிலும் இருக்கின்றன. சொல்லுவார் இல்லை. கெதி இதுவரை வாழ்வது தாய் பிள்ளையிடம் சொல்வதால்தான். விரைவுச் சொல் வீட்டுச் சொல். மேடையில் யாரும் ‘கெதியா’ என்று பேசுவதில்லை; காலையில் சப்பாத்துப் போடும் பிள்ளையிடம்தான் சொல்கிறோம். பிள்ளை முதலில் கற்கும் ஏவற்சொற்களில் இதுவும் ஒன்று.

அதனால்தான் முதலில் போகக்கூடியதும் இதுவே. 1990களின் தொடக்கத்தில் போர் தீவுகளை வெறிச்சோட வைத்தது. புங்குடுதீவுச் சனம் கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து என்று பரந்து போனது. ரொறன்ரோவில் ‘ஹரி அப்’, பாரிஸில் ‘வித்’, சூரிச்சில் ‘ஷ்னெல்’ என்று காலை அவசரம் மொழி மாறிவிட்டது. ஊரிலேயே இருப்பவர் வீடுகளிலும் தொலைக்காட்சித் தொடர் பார்த்துப் பார்த்து ‘சீக்கிரம்’ நுழைகிறது. சீக்கிரமும் நல்ல சொல்தான். அது வருவதில் குறையில்லை. வந்து, இருந்த சொல்லை வெளியே தள்ளுவதுதான் இழப்பு.

என்ன செய்யலாம்?

மூன்று சிறிய காரியங்கள் போதும். முதலாவது, வீட்டில் சொல்லுங்கள். பிள்ளை பிரெஞ்சில் பதில் சொன்னாலும் ‘கெதியா வா’ என்பதைத் தமிழிலேயே சொல்லுங்கள். காதில் விழுந்த சொல் ஒருநாள் வாயில் வரும். இரண்டாவது, எழுதுங்கள். கதையிலோ கடிதத்திலோ கட்டுரையிலோ ‘விரைவாக’ என்று திருத்தாமல் கெதி என்றே விடுங்கள். எழுத்தில் ஏறாத சொல்லுக்குப் பிற்காலத்தில் சான்று காட்ட முடியாது.

மூன்றாவது ஆசிரியர்களுக்கு. விஞ்ஞான வகுப்பில் கதி என்ற பாடத்தைத் தொடங்கும்போது, ‘உங்கள் அம்மம்மா சொல்லும் கெதிதான் இது’ என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பிள்ளைக்குப் பாடமும் இலகுவாக விளங்கும். வீட்டுப் பேச்சு வெட்கப்பட வேண்டிய பேச்சில்லை என்பதும் விளங்கும். அந்த ஒரு வாக்கியத்துக்கு அரை நிமிடம்கூடச் செல்லாது.